கால் கொடுத்த பிறகு

புங்குடுதீவின் மடத்துவெளியில் பிறந்து இன்று ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ பாரிசிலோ இருக்கிற ஒருவர், தாய் தகப்பனின் நினைவாக ஊரில் நடக்க முடியாத ஒருவருக்கு ஏதாவது செய்ய நினைத்தால் முதலில் மனதுக்கு வருவது ஒரு செயற்கைக் கால், இல்லையென்றால் ஒரு சக்கர நாற்காலி. அந்த எண்ணத்தை இந்த அத்தியாயம் குறை சொல்லவில்லை. ஆனால் காலையோ நாற்காலியையோ கையில் வாங்கிய நாளில் அந்த மனிதருக்கு வேலை முடிவதில்லை. அதைப் போட்டுக்கொண்டு அவர் கிணற்றடிக்குப் போகவேண்டும், கக்கூசுக்குப் போகவேண்டும், பஸ்ஸில் ஏறவேண்டும், நாலு காசு உழைக்கவேண்டும். மூன்று வருடத்தில் அது தேயும்போது மாற்ற வழியும் வேண்டும். உங்கள் பணம் இந்தப் பின்பகுதிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் இங்கே விடயம்.

புங்குடுதீவில் இது இன்னும் அழுத்தமான கேள்வி. 1991இல் போரால் இடம்பெயர்ந்த பிறகு ஊர் முழுதாகத் திரும்பவில்லை. இருப்பவர்களில் வயதானவர்கள் நிறையப் பேர். பிள்ளைகள் வெளிநாட்டில், அல்லது கொழும்பில். மற்ற இடங்களில் பக்கத்து வீட்டுப் பெடியன் செய்கிற உதவியைச் செய்ய இங்கே பல ஒழுங்கைகளில் ஆளில்லை. பூட்டிய வீடுகளுக்கு நடுவில் தனியாக இருக்கிற ஒருவர் தன் வேலையைத் தானே செய்ய முடிவது இந்தத் தீவில் பாதுகாப்பாக உயிர் வாழ்வதற்கே வேண்டிய விடயம்.

ஜெய்ப்பூர்

தீவகத்தில் காலை இழந்தவருக்கு முதல் வாசல் யாழ்ப்பாண நகரில் இருக்கிறது. வலுவிழந்தோருக்கான யாழ்ப்பாண ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம் 1987இல் தொடங்கியது. சனம் அதைச் சுருக்கமாக ‘ஜெய்ப்பூர்’ என்கிறது. கொழும்பில் 1831 முதல் இயங்கிவரும் பிரெண்ட் இன் நீட் சங்கம் 1985இல் ஜெய்ப்பூர் கால் செய்யத் தொடங்கியிருந்தது. இரண்டு வருடத்தில் அந்தத் தொழில் வடக்குக்கும் வந்து சேர்ந்தது. போர் வருடங்களில் மிதிவெடியும் எறிகணையும் வெட்டிய கால்களுக்கு இங்கேதான் மாற்றுக் கால் செய்தார்கள். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் நீண்ட காலம் அவர்களுக்குக் கைகொடுத்தது.

இந்தக் கால் ஏன் நம்மவர்களுக்குப் பொருந்தியது என்பதைத் தெரிந்துகொண்டால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது விளங்கும். 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரத்துச் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். அதற்கு முன் மேற்கிலிருந்து வந்த செயற்கைப் பாதங்கள் சப்பாத்துக்குள் வைத்து நடப்பதற்கென்று செய்தவை. நிலத்தில் சம்மணமிட்டு இருக்கவும், குந்தி இருக்கவும், வெறுங்காலோடு வயலில் இறங்கவும் அவை வளையவில்லை. தண்ணீர் பட்டால் பழுதாகும். ஜெய்ப்பூர் பாதம் ரப்பரால் ஆனது, எல்லாப் பக்கமும் வளையும், சேற்றிலும் தண்ணீரிலும் போகும், சப்பாத்து வேண்டாம். கோயில் வீதியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற, பாயில் இருந்து சாப்பிடுகிற மனிதருக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்லவேண்டியதில்லை. அந்த வேலைக்காகச் சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மா அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். அவர் கைகள் இல்லாமல் அந்தப் பாதம் இல்லை. அவருடைய பெயரையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் எண்ணம்.

போர் முடிந்துவிட்டது, இனி யாருக்குக் கால் வேண்டும் என்று வெளிநாட்டில் சிலர் கேட்கிறார்கள். நீரிழிவில் புண் ஆறாமல் கால் எடுக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வீதி விபத்து இருக்கிறது. பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவர்கள் இருக்கிறார்கள். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர்கள் இருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முன் கால் போனவருக்கு இன்றும் கால் வேண்டும், ஏனென்றால் செயற்கைக் கால் ஆயுள் முழுவதும் உழைக்காது. வளர்ந்தவருக்குச் சாதாரணமாக மூன்று முதல் ஐந்து வருடம். வளர்கிற பிள்ளைக்கு ஆறு மாதத்திலேயே சிறிதாகிவிடலாம். இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர், அதாவது பதினாறு இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதோ ஒரு சிரமம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பஸ் காசு

ஒரு கால் ஒரே நாளில் வந்துவிடாது. சத்திரசிகிச்சைப் புண் ஆறவேண்டும். மிஞ்சிய காலைத் துணியால் இறுகச் சுற்றி வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும். பிறகு சாந்து வைத்து அச்செடுப்பார்கள். அச்சிலிருந்து காலின் குழிவான மேற்பகுதியைச் செய்து போட்டுப் பார்ப்பார்கள், செதுக்குவார்கள், திரும்பப் போடுவார்கள். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நடை பழகவேண்டும். முதல் சில மாதங்களில் மிஞ்சிய கால் சுருங்கும், குழிவு தளர்ந்து தோல் உரசும், திரும்பவும் போகவேண்டும். வெயில் காலத்தில் வியர்வையில் புண் வந்தால் இன்னொருமுறை.

மடத்துவெளியிலிருந்து ஒவ்வொரு முறையும் வாணர் தாம்போதி கடந்து, வேலணை கடந்து, பண்ணைத் தாம்போதி கடந்து நகருக்குப் போகவேண்டும். ஒற்றைக் காலோடு பஸ்ஸின் முதல் படியில் ஏறுவது எத்தனை பாடு என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓட்டோ பிடித்தால் போய்வர ஒரு கூலிக்காரரின் சில நாள் உழைப்பு போய்விடும். கூடப் போகிறவருக்கும் அன்றைய கூலி இல்லை. இதனால்தான் பலர் அச்செடுத்துவிட்டுத் திரும்பிப் போகாமல் நின்றுவிடுகிறார்கள். இன்னும் பலர் கால் உரசத் தொடங்கியதும் அதைச் சுவரில் சாத்திவிட்டுப் பழைய ஊன்றுகோலை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே, ஊர்ச் சங்கம் ஒன்று முதலில் செய்யக்கூடிய, செலவு குறைந்த, பலன் அதிகமான காரியம் ஒரு போக்குவரத்து நிதி. சனசமூக நிலையத்தில் ஒரு கொப்பி, ஊரிலேயே நம்பிக்கையான ஒரு ஓட்டோக்காரர், மாதக் கடைசியில் கணக்கு. ஜெய்ப்பூர் நிலையம் திரும்பவும் வரச்சொன்ன திகதியைக் கொப்பியில் எழுதி, முதல் நாள் மாலை போய் “அண்ணை, நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வண்டி வரும், வெளிக்கிட்டு நில்லுங்கோ” என்று சொல்ல ஒரு ஆள். இப்படியொரு ஒழுங்கு இல்லாத இடத்தில் கொடுக்கிற கால்களில் பல வீட்டு மூலையில் போய் நின்றுவிடும்.

சக்கர நாற்காலி வாங்குமுன்

வெளிநாட்டில் சேகரித்து கொள்கலனில் அனுப்பப்படுகிற பழைய ஆஸ்பத்திரி நாற்காலிகளைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன்: பெரும்பாலானவை தீவுக்கு ஆகாது. அவற்றின் முன் சில்லுகள் சிறியவை. ஆஸ்பத்திரியின் வழுவழுப்பான தளத்தில் ஓடும். நம்முடைய மணல் ஒழுங்கையில் புதையும், கல்லில் தட்டினால் இருக்கிறவரை முன்பக்கம் குப்புறத் தள்ளும். உப்புக்காற்றில் இரும்பு ஒரு மாரிக்குள் துருப்பிடிக்கும். உடைந்த ஒரு உதிரிப்பாகத்துக்கு இங்கே மாற்று இல்லை. முன்பக்கம் ஒரு பெரிய சில்லு வைத்து, நீளமாகச் செய்த மூன்று சில்லு நாற்காலிகள் கரடுமுரடான நிலத்துக்கென்றே இருக்கின்றன. கையால் சுற்றி ஓட்டும் முச்சில்லு வண்டியும் நீண்ட வீதிக்கு நல்லது. எதை வாங்கினாலும் அதன் டயரும் டியூப்பும் ஊர்ச் சைக்கிள் கடையில் கிடைக்கிற அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை அச்சாணிக்குக் கிறீஸ் போட்டு, நல்ல தண்ணீரால் துடைத்தால் ஆயுள் கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டியில் முக்கியமாகச் சொல்லப்படுவது, இது மேசை கதிரை போல் கடையில் எடுத்துக் கொடுக்கிற பொருள் அல்ல என்பது. இருக்கிறவரின் இடுப்பு அகலம், தொடை நீளம், முதுகு நிமிர்வு எல்லாம் அளந்து பொருத்தவேண்டும். பிறகு அவருக்கும் வீட்டாருக்கும் பழக்கவேண்டும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு இது உயிர் விடயம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் வலி தெரியாது. சில மணித்தியாலத்தில் தோல் சிவக்கும், சில நாளில் படுக்கைப்புண் ஆகும், எலும்புவரை போய்க் கிருமி இரத்தத்தில் ஏறும். இதைத் தடுப்பது நல்ல மெத்தையும், பதினைந்து முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடலைத் தூக்குகிற பழக்கமும், இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பதும்தான். நாற்காலிக்குப் பணம் கொடுக்கும்போது மெத்தைக்கும் சேர்த்துக் கொடுங்கள். மெத்தை இல்லாத நாற்காலியை முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் பொறுத்திருப்பது நல்லது என்றுகூடச் சொல்வேன். மாங்குளத்தில் இருக்கிற ‘உயிரிழை’ முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து உருவாக்கிய அமைப்பு. இந்தப் பிரச்சினைகளை உடம்பால் அறிந்தவர்கள் அவர்கள். தீவில் அப்படியொருவர் இருந்தால் அவர்களோடு தொடர்புபடுத்திவிடுங்கள்.

வீடு

பழைய கல்வீடுகளில் அத்திவாரம் உயரம், திண்ணை உயரம், படி செங்குத்து. மழைக்கும் பாம்புக்கும் பயந்து கட்டியது சரி. நாற்காலியில் இருக்கிறவருக்கு அது மதில். சாய்தளம் கட்டும்போது நம்முடைய மேசன்மார் இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று செங்குத்தாக இழுத்துவிடுவார்கள். கணக்கு எளிது: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். திண்ணை ஒன்றரை அடி என்றால் பதினெட்டு அடி வேண்டும். முற்றத்தில் அவ்வளவு இடம் நேராக இல்லையென்றால் இடையில் ஐந்தடிச் சதுரத் தட்டு ஒன்று வைத்துத் திருப்புங்கள். ஓரத்தில் இரண்டு அங்குலக் கட்டு, மேலே சொரசொரப்பான பூச்சு. ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட்டால் நல்லது; ஈரத்தில் அவசரமாகப் பூசியது மறுவருடம் பெயர்ந்துவிடும்.

கதவு நிலை குறைந்தது முப்பத்திரண்டு அங்குலம் திறக்கவேண்டும். பழைய நிலைகள் பல அதைவிட ஒடுக்கம். ஓடாவியை வைத்து ஒரு பக்கம் நிலையைத் தள்ளிப் போடலாம். குந்தும் கக்கூசுக்குப் பதில் கதிரை வடிவக் கோப்பை, பக்கத்தில் சுவரில் ஆழமாகப் பதித்த கைபிடிக் கம்பி, நாற்காலி திரும்ப ஐந்தடி. கக்கூஸ் வீட்டிலிருந்து தள்ளிக் கோடியில் இருந்தால் அதுவரை ஒரு சீமெந்துப் பாதை. பெண்களைப் பொறுத்தவரை இதுதான் முதல் தேவை. இரவில் போகமுடியாது என்பதற்காகப் பகலிலேயே தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்களுக்குச் சிறுநீர்க் கிருமி வருவதைத் தீவகத்துத் தாதிமார் அறிவார்கள்.

தண்ணீரை இந்த ஊரில் தனியாகச் சொல்லவேண்டும். பல கிணறுகள் உவர். குடிதண்ணீர் பவுசரில் வந்து வீதியோரத் தாங்கியில் இறங்குகிற இடங்களில் கானை நிரப்பித் தூக்கிப்போக இரண்டு காலும் இரண்டு கையும் வேண்டும். வலுவிழந்தவர் வாழும் வீட்டுக்கு முற்றத்திலேயே ஒரு சிறு தாங்கி, நாற்காலியில் இருந்தபடி எட்டுகிற உயரத்தில் குழாய், உவர்க் கிணற்றுக்கு ஒரு மோட்டார். இவ்வளவும் செய்துகொடுத்தால் அவர் நாளாந்தம் யாரையாவது கெஞ்சுகிற ஒரு வேலை நின்றுவிடும். ஒரு புதுக் காலைவிட இது அவருக்குப் பெரிதாக இருக்கலாம். அதைச் சொல்லவேண்டியவர் அவர்தான். “உங்களுக்கு முதல் என்ன தேவை?” என்று கேட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்டு வந்த பிறகே பட்டியல் போடுங்கள். வயதுபோன அம்மா ஒருவர் கோயிலுக்குப் போக ஒரு வழி கேட்கலாம். இளைஞர் ஒருவர் கைத்தொலைபேசி திருத்தப் பழகக் கேட்கலாம்.

உழைப்பு

தையல் மெசின், கோழிக்கூடு, ஆடு. ஊர் உதவிகளில் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வரும். தையல் தெரியாதவருக்குத் தையல் மெசின் உதவி ஆகாது. ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர் கடல் போகமுடியாவிட்டாலும் வலை பொத்துவார், தூண்டில் கட்டுவார். அவருக்கு நூலும் நிழலும் ஒரு முன்பணமும் போதும். குறிகட்டுவான் துறை இந்தத் தீவிலேயே இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கும் விகாரைக்கும் வருகிற யாத்திரிகர் கூட்டம் வருடம் முழுக்க அந்த வழியாகத்தான் போகிறது. பனங்கட்டி, ஒடியல், பனையோலைப் பெட்டி, மோர், இளநீர் ஆகியவற்றுக்கு அங்கே வாங்குவோர் உண்டு. உட்கார்ந்தபடி செய்யக்கூடிய பனையோலை வேலையைத் தெரிந்த பெண்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். பொருளைத் துறைவரை யார் கொண்டுபோவது என்பதைத் தீர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பணத்தை முழுதாக நன்கொடையாகக் கொடுப்பதா, வட்டியில்லாக் கடனாகக் கொடுப்பதா என்பது வாதம். திருப்பிக் கட்டுகிற கடன் அடுத்த ஆளுக்குப் போகும். வாங்கியவருக்கும் தலை நிமிரும். ஆனால் முதல் ஆறு மாதத்துக்குத் தவணை கேட்காதீர்கள். மாரிக்கு ஆடு செத்தால் விட்டுவிடுங்கள்.

அரசாங்கத்திடம் கேட்கவேண்டியதைக் கேட்பது

தருமப் பணத்தால் செய்யத் தேவையில்லாதவற்றைப் பிரதேச செயலகத்திலிருந்து பெறவேண்டும். குறைந்த வருமானமுள்ள வலுவிழந்தோருக்கான மாதக் கொடுப்பனவு 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்டது. வேலணைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரும் கிராம சேவையாளரும் இதற்கு வாசல். விண்ணப்பத்தை நிரப்ப ஒரு ஆள், வைத்தியச் சான்றிதழுக்குக் கொண்டுபோக ஒரு வண்டி. பலருக்கு இந்த இரண்டும்தான் இல்லாமல் போகிறது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவின்மையைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளிக்கூட அனுமதியிலோ ஒதுக்கக்கூடாது என்கிறது. அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதத்தை வலுவிழந்தோருக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988இலேயே வந்தது. பொதுக் கட்டடங்களில் வலுவிழந்தோர் போய்வர வசதி செய்யவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் அவற்றை வலியுறுத்தியது. ஊர்ப் பணத்தில் மண்டபமோ நூலகமோ பாடசாலைக் கட்டடமோ எழும்பும்போது சாய்தளம் வரைபடத்தில் இருக்கிறதா என்று கேட்பது நன்கொடையாளரின் உரிமை. இல்லையென்றால் முதல் தவணையை நிறுத்தி வையுங்கள்.

யாரிடம் கொடுப்பது

இலங்கையில் தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்கிற சட்டம் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத்தது. பதிவு இலக்கத்தையும் கணக்காய்வு செய்த வருடாந்தக் கணக்கையும் கேளுங்கள். முறையாக நடத்துகிறவர்கள் கேட்டதற்காகக் கோபிக்கமாட்டார்கள். போன வருடம் எத்தனை கால் கொடுத்தீர்கள் என்பதோடு, மூன்று வருடத்துக்கு முன் கொடுத்தவற்றில் எத்தனை இன்று பாவனையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஏடு புரட்டிப் பதில் சொல்கிற நிறுவனத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன். நிர்வாகத்தில் வலுவிழந்தவர்கள் இருக்கிறார்களா என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடற்படைத் தேர்வுப் பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். தனக்கு வைத்தியம் பார்த்த அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். பெரிய நகரத்துக்குப் போகாமல் ஒரு கிராமத்திலேயே இருந்து, வீடு வீடாகப் போகிற ஊழியர்கள் மூலம் சுற்றுவட்டாரக் கிராமங்களை எட்டினார்கள். நம் தீவகத்துக்கும் அந்த முறைதான் பொருந்தும்.

பிரித்தானியாவில் வரி கட்டுகிறவர், அங்கே பதிவான தொண்டு நிறுவனம் வழியாகக் கிப்ட் எயிட் படிவத்தோடு கொடுத்தால் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் கூடுதலாகச் சேரும். கனடாவில் பதிவான தொண்டு நிறுவனம் வழியாகக் கொடுத்தால் வரிப் பற்றுச்சீட்டு கிடைக்கும். நேரே ஊருக்கு அனுப்பினால் பற்றுச்சீட்டு இல்லை. ஒருமுறை பெரிய தொகையைவிட மாதாமாதம் சிறு தொகை ஜெய்ப்பூர் நிலையத்துக்கு உதவும்: தொழில்நுட்பவியலாளரின் சம்பளம் மாதாமாதம் போகிறது.

பொருள் கொடுக்கும்போது மேடை, பொன்னாடை, படம் என்பதைத் தயவுசெய்து விடுங்கள். உதவி வாங்கியவரின் படம் முகநூலில் அவர் பேரப்பிள்ளையின் கண்ணில் படும். கணக்குக் காட்டப் பற்றுச்சீட்டும், வேண்டுமென்றால் கட்டிய சாய்தளத்தின் படமும் போதும். ஆடி ஆவணி விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் அந்த நாட்களில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, முன்பு உதவி பெற்ற வீடுகளுக்குப் போய் நாற்காலி ஓடுகிறதா, கால் உரசுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் சங்கத்தின் அடுத்த வருடத் திட்டம் அந்தக் கொப்பியிலிருந்தே வந்துவிடும்.

நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இருக்கிறவர்களுக்கு இவ்வளவுக்கும் மேலே கடல் இருக்கிறது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். சோளகக் காற்றுக் காலத்தில் படகு ஆடும்போது நாற்காலியோடு ஒருவரைத் துறையிலிருந்து தூக்கி இறக்குவது அவருக்கும் ஆபத்து, தூக்குகிறவருக்கும் ஆபத்து. அங்கே இருப்பவர்களை நகருக்கு அழைப்பதைவிட, வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஜெய்ப்பூர் நிலையத்தின் தொழில்நுட்பவியலாளரை அந்தத் தீவுகளுக்கு அழைத்துப்போய் ஒரே நாளில் அச்செடுப்பு, திருத்தம், அளவு எல்லாம் பார்க்க வைப்பது மலிவு. படகுக்கூலி, சாப்பாடு, ஒரு பாடசாலை மண்டபம்: செலவு இவ்வளவுதான். மடத்துவெளிச் சங்கம் குறிகட்டுவான் இருக்கிற தீவிலேயே இருப்பதால் அந்த ஒழுங்கைப் பொறுப்பெடுக்கலாம். பங்குனி சித்திரையில் கடல் அமைதி. முதல் பயணத்தை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள், பெயர்ப் பட்டியலைத் தை முடிவதற்குள் கிராம சேவையாளர்களிடமிருந்து வாங்கிவிடுங்கள்.